உதிர்கொம்பு பொறுக்கத் தடை: கடும் குளிருக்குப் பிறகு மே 1 வரை பூட்டுவது சரிதானா?

டென்வர்_நடைவாசி

வணக்கம். கொலராடோ, வயோமிங், யூட்டா பக்கம் இருக்கும் நண்பர்களுக்காக இந்த இழை.

கொலராடோவில் ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை மான் உதிர்த்த கொம்பைப் பொறுக்கக் கூடாது. 2018 முதல் இதுதான் விதி. வயோமிங்கின் மேற்குப் பகுதியிலும் இதே தேதிகள். அங்கே இந்தச் சட்டம் கொலராடோவைவிடப் பழையது. யூட்டா 2023 பிப்ரவரியில் மாநிலம் முழுமைக்கும் அவசரத் தடை போட்டு ஏப்ரல் கடைசி வரை பூட்டியது.

வசந்தம் வந்தால் வாட்ஸப் குழுக்களில் இதே சண்டைதான். மான் தானாக உதிர்த்துவிட்டுப் போன கொம்பை எடுத்தால் மானுக்கு என்ன நஷ்டம்? மார்ச் கடைசியிலேயே தெற்குச் சரிவுகளில் தரை தெரிய ஆரம்பித்துவிடுகிறதே, அப்புறமும் ஒரு மாதம் எதற்கு? மே 1 அன்று மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மலையில் ஏறுவது மட்டும் நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "இயற்கையைக் காப்போம்" ரகப் பதிவுகள் வேண்டாம், ப்ளீஸ்.

---

சேஜ்புதர்

கொம்பை எடுப்பதால் மானுக்கு ஒரு கெடுதலும் கிடையாது. அதைத் தேடி மனிதன் நடக்கும் நடையில்தான் ஆபத்து முழுவதும்.

கொம்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். இணைசேரும் பருவம் முடிந்ததும் ஆண் மானின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. அது இறங்கியதும் கொம்பின் அடிக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே உள்ள எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்கும். இணைப்பு தளர்ந்து ஒரு நாள் கொம்பு விழும். மியூல் டியரில் (பெரிய காதுள்ள மான் இனம்) பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, எல்க் மானில் மார்ச், ஏப்ரல். வயதான பெரிய ஆண்கள் முந்திக்கொள்ளும். ஆக, விழும் இடம் அந்த மாதங்களில் மான் நிற்கும் இடமேதான்: வெயில் படும் தெற்குச் சரிவு, காற்று பனியை அடித்துப்போன மேட்டு விளிம்பு, சேஜ் புதர் மண்டிய தாழ்நிலம். கொம்பு தேடுகிறவன் சரியாக அங்கேதான் போகவேண்டும். அதுவும் பாதையில் அல்ல, சரிவின் குறுக்கே வளைந்து வளைந்து, புதர் புதராக.

அந்த இடத்தில் நிற்கும் மானின் நிலைமை என்ன? குளிர்காலத்தில் அது தின்னும் சேஜ், பிட்டர்பிரஷ் புதர்க் குச்சிகளில் உடம்புக்குத் தேவையான சத்து இல்லை. எவ்வளவு தின்றாலும் செலவு வரவை மிஞ்சும். இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் ஓட்டுகிறது. நல்ல வருஷத்திலேயே எடையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் அசையாமல் படுத்துக் கிடப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே சிக்கனம். பனி முழங்காலைத் தாண்டினால் ஒவ்வொரு அடிக்கும் செலவு ஏறும். மார்பைத் தொட்டால் நடை நடையாக இருக்காது, ஒவ்வொன்றும் ஒரு தாவல். மியூல் டியருக்குச் சுமார் ஒன்றரை அடிப் பனியிலேயே நடமாட்டம் சிரமம், இரண்டு அடியில் ஏறத்தாழ முடங்கிவிடும். எல்க் கால் நீளமானது, இன்னும் கொஞ்சம் தாங்கும்.

இப்படிப்பட்ட மானை ஒரு தடவை கிளப்பினால் செத்துவிடாது. ஒரே சரிவில் சனிக்கிழமை ஒருவர், ஞாயிறு மூவர், அடுத்த வாரம் நாயோடு இன்னொருவர் என்று வந்தால் கணக்கு தீர்ந்துவிடும். அது அந்த நாளில் சாகாது, மூன்று வாரம் கழித்து வேறெங்கோ சாகும். "நான் போனபோது ஒன்றும் ஆகலையே" என்று எல்லாரும் உண்மையாகவே நம்புவது இதனால்தான்.

---

கொம்பன்_77

எதிர்த்தரப்பும் பதிவாகட்டும்.

கொம்பு பொறுக்குவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. பழுப்பு நிறம் மாறாத புதிய எல்க் கொம்பு பவுண்டுக்கு 15 டாலரை ஒட்டி விலை போகிறது. ஒரு வருஷம் வெயில் பட்டு வெளுத்தது அதில் பாதிக்குப் பக்கம். வெடித்துச் சுண்ணாம்பாகிப் போனதற்குச் சொற்ப காசுதான். நல்ல பெரிய எல்க் ஜோடி 20, 25 பவுண்டு வரும். நாய் கடிக்கும் துண்டுகள், கத்திப் பிடி, சரவிளக்கு எனச் சந்தை இருக்கிறது. சின்ன ஊர்களில் குடும்பத்துக்கு இது ஒரு வருமானம்.

இப்போது என் கேள்விகள். பனிவண்டிக்காரர், கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய காட்டு நாயினம்) சுடுகிறவர், வேட்டைநாய்களோடு மலைச்சிங்கம் (பூமா) தேடுகிறவர், பின்மலைப் பனிச்சறுக்குக்காரர், எண்ணெய்க் கிணற்று லாரிகள், இவர்கள் எல்லாம் அதே குளிர்கால மேய்ச்சலில் போகலாம். நான் கையை வீசிக்கொண்டு நடந்தால் குற்றமா? இரண்டாவது, 2022-23 கடும் குளிரில் மான்களைக் கொன்றது பனி. கொம்பு பொறுக்குபவன் அல்ல.

---

பனிக்காடு

@கொம்பன்_77 இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கொன்றது பனிதான், மறுப்பே இல்லை. 2022-23 குளிரில் மேற்கு வயோமிங்கின் வயோமிங் ரேஞ்ச் மந்தையில் கழுத்தில் ரேடியோ பட்டை போட்டிருந்த மியூல் டியர் குட்டிகள் ஏறத்தாழ ஒன்றுகூட மிஞ்சவில்லை. வளர்ந்த பெட்டைகளிலும் பாதிக்கு மேல் போயின. அதே பருவத்தில் பைன்டேல் பக்கத்துப் பிராங்ஹார்ன்களுக்கு (மறிமான் போன்ற விலங்கு) மைக்கோபிளாஸ்மா போவிஸ் நிமோனியா வேறு. பட்டினியும் நோயும் சேர்ந்தே வந்தன. பனியை நிறுத்த எந்தத் துறையாலும் முடியாது. வேட்டை உரிமங்களைக் குறைப்பதும் ஆளை அந்தச் சரிவுக்குப் போகவிடாமல் தடுப்பதும்தான் அதன் கையில் இருக்கின்றன. உரிமத்தை அந்த வருஷம் கடுமையாகவே குறைத்தார்கள். இரண்டாவதையும் செய்யாமல் விட்டால் வேட்டைக்காரர்களே சும்மா விடமாட்டார்கள்.

முதல் கேள்வி நியாயமானது. ஆனால் எல்லா நடமாட்டமும் மானுக்கு ஒன்றல்ல. கொலராடோவில் 1980-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பனிவண்டியைவிட நடந்து வரும் ஆளைக் கண்டுதான் மியூல் டியர் அதிகம் மிரண்டது, தொலைவிலிருந்தே எழுந்து ஓடியது. வண்டி ஒரே தடத்தில் சத்தத்தோடு வந்து போகும், அது எங்கே போகும் என்று மானுக்குப் பிடிபட்டுவிடும். ஆள் சத்தமில்லாமல் திடீரென்று மேட்டைத் தாண்டித் தலைகாட்டுவான், நிற்பான், திரும்புவான், மறுபடி நெருங்குவான். கொம்பு தேடும் நடைக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை கிடையாது. நாய் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். கொம்பு மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாயானாலும் மானுக்கு அது ஓநாய்தான்.

மலைச்சிங்க வேட்டை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். வேட்டைநாய்க் கூட்டம் மார்ச்சில் குளிர்கால மேய்ச்சலைக் கலைப்பதும் அதே கெடுதல்தான். அதற்காக இதைத் திறந்துவிடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதையும் பூட்டச் சொல்லலாம். நில மேலாண்மைத் துறையும் வனத்துறையும் பல குளிர்கால மேய்ச்சல் நிலங்களில் கொம்பு, சைக்கிள், நடை என்று பார்க்காமல் மனித நடமாட்டம் முழுவதையுமே மூடுகின்றன. என்னைக் கேட்டால் கடும் குளிர் வருஷத்தில் அதுதான் நேர்மையான தடை.

இன்னொன்று, வேலி. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மிரண்ட மான் ஓடும் வழியில் ஐந்து இழை முள்கம்பி வேலி இருந்தால் இலையுதிர் காலத்தில் அநாயாசமாகத் தாண்டும். மார்ச்சில் அதே பெட்டை மேல்கம்பியில் பின்னங்காலை மாட்டிக்கொள்ளும். மேல் இரண்டு கம்பிகளும் முறுக்கிப் பிடித்தால் தொங்கியே சாகும். குட்டி அடியில் நுழையப் பார்க்கும், அடிக்கம்பி தாழ்வாக இருந்தால் இந்தப் பக்கமே நின்றுபோகும். மேல்கம்பி 40 முதல் 42 அங்குலத்துக்கு மிகாமலும் அடிக்கம்பி முள் இல்லாததாய்த் தரையிலிருந்து 16 முதல் 18 அங்குலம் உயரத்திலும் இருக்கவேண்டும் என்று வனவிலங்குத் துறைகள் சொல்வது இதற்காகத்தான். பழைய வேலிகள் பெரும்பாலும் அப்படி இல்லை.

---

டென்வர்_நடைவாசி

சேஜ்புதர், ஏப்ரல் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். பனி போய், புல் முளைத்த பிறகும் என்ன ஆபத்து?

---

சேஜ்புதர்

ஏப்ரல்தான் மோசமான மாதம். பார்வைக்கு மலை பச்சையாக இருப்பதால் யாரும் நம்பமாட்டார்கள்.

மானின் கொழுப்பு ஒரு வரிசைப்படி தீரும். முதலில் முதுகுத் தோலுக்கடியில் உள்ளது, பிறகு சிறுநீரகத்தைச் சுற்றியுள்ளது, கடைசியில் எலும்பு மஜ்ஜையில் உள்ளது. குளிரில் செத்த மானைப் பரிசோதிக்கும் உயிரியலாளர்கள் தொடை எலும்பை உடைத்துப் பார்ப்பது இதற்குத்தான். நல்ல நிலையில் இருந்த மானின் மஜ்ஜை வெள்ளையாக, கெட்டியாக, மெழுகுபோல இருக்கும். பட்டினியில் செத்ததன் மஜ்ஜை சிவந்து, கண்ணாடிபோல் ஊடுதெரிந்து, விரலில் எடுத்தால் கூழாக ஒழுகும். மார்ச் முடியும்போது உயிரோடு நிற்கும் பல மான்கள் இந்தக் கடைசிச் சேமிப்பில்தான் நின்றுகொண்டிருக்கின்றன.

இளம்புல் வந்தவுடன் பிழைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஐந்து மாதம் குச்சியையும் சேஜ் இலையையும் செரித்துப் பழகியவை. இளம்புல்லுக்கு அவை மாற இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில் வயிறு நிறையப் புல்லோடு செத்துக் கிடக்கும் மான்களைப் பார்க்கலாம். ஏப்ரலில் ஒரு ஈரப் பனிப்புயல் அடித்தால் ரோமம் நனைந்து, அந்த வாரத்தோடு முடிந்துபோகும்.

பெட்டைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. மியூல் டியர் ஜூனில் குட்டி போடும், எல்க் மே கடைசியிலிருந்து. கருவின் வளர்ச்சி பெரும்பாலும் கடைசி மூன்றில் ஒரு பகுதிக் காலத்தில்தான். அதாவது தாயின் கையிருப்பு அடிமட்டத்தில் இருக்கும்போது செலவு உச்சத்தில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் விரட்டப்பட்ட பெட்டை பிழைத்தாலும் எடை குறைந்த குட்டியைப் போடும்; அது முதல் வாரங்களைத் தாண்டுவது கஷ்டம். கணக்கெடுப்பில் இது அடுத்த வருஷக் குறைவாகத்தான் தெரியும். கொம்பு சீசன்மேல் யாரும் பழி சொல்லமாட்டார்கள்.

வலசை வேறு இருக்கிறது. வயோமிங்கில் ரெட் டெசர்ட்டிலிருந்து ஹோபேக் வரை ஏறத்தாழ 150 மைல் மியூல் டியர் நடக்கிறது. அவை புல் முளைக்கும் அலையைப் பின்தொடர்ந்து மெதுவாக மேலேறுகின்றன. நடுவழியில் நிற்கும் சரிவிலிருந்து விரட்டினால் அலைக்கு முன்னாலேயே ஓடிப் பனியில் போய் நிற்கும், அல்லது பின்தங்கி முற்றிய புல்லைத் தின்னும். எது நடந்தாலும் நஷ்டம்.

ஆகவே என் கருத்து, தடை தேதி பனியைப் பார்த்து வைக்கப்படக் கூடாது. மானின் உடம்பைப் பார்த்து வைக்கவேண்டும். சாதாரண வருஷத்தில் ஏப்ரல் 30 போதும். 2023 மாதிரி வருஷத்தில் மே நடுப்பகுதி வரை நீட்டும் அதிகாரம் துறையிடம் இருக்கவேண்டும்.

---

சட்டக்குறிப்பு

மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் தடுமாறும் இடங்களை மட்டும் சொல்கிறேன். விதி வருஷாவருஷம் மாறும், போகும் முன் அந்தந்தத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயோமிங்: 2009-இல் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமன்றம் அதிகாரம் கொடுத்தது. இங்கே "பொறுக்குதல்" என்பதில் தேடுவது, இருக்குமிடத்தைக் கண்டுவைப்பது, குவித்துவைப்பது எல்லாம் அடக்கம். "நான் எடுக்கவில்லை சார், பார்த்து ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டேன், மே 1 வருவேன்" என்பது தப்பிக்கும் வழி இல்லை, அதுவே மீறல். திறப்பு நள்ளிரவில் இருந்ததை இப்போது காலை 6 மணிக்கு மாற்றிவிட்டார்கள். 2024 சீசனிலிருந்து வெளிமாநிலத்தார் ஒரு வாரம் கழித்து மே 8 அன்றுதான் இறங்கலாம், கையில் கன்சர்வேஷன் ஸ்டாம்பும் (காசு கட்டி வாங்கும் அனுமதி முத்திரை) வேண்டும்.

கொலராடோ: தேதிகளை டென்வர்_நடைவாசி சொல்லிவிட்டார். விடுபட்டது கன்னிசன் பள்ளத்தாக்கு. அங்கே மே 1 முதல் 15 வரையும் சூரிய அஸ்தமனத்திலிருந்து மறுநாள் காலை 10 மணி வரை பொறுக்கக் கூடாது. காரணம் மான் அல்ல, கன்னிசன் சேஜ் க்ரௌஸ் பறவை. ஆண் பறவைகள் விடியற்காலையில் திறந்த வெளியில் கூடி ஆடும் காலம் அது. அந்த நேரத்தில் ஆள் நுழைந்தால் களமே கலைந்துவிடும்.

யூட்டா: தடை இல்லாத வருஷத்திலும் குளிர்கால, வசந்தகால மாதங்களில் பொறுக்க இலவச இணையப் பயிற்சி முடித்துச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கவேண்டும். அவசரத் தடை போடும் அதிகாரம் இயக்குநரிடம் இருக்கிறது. 2017-லும் இப்படிப் போட்டார்கள், 2023-லும் போட்டார்கள். சேஜ்புதர் கேட்கும் நெகிழ்வுக்கு இதுதான் நடைமுறை உதாரணம்.

மொன்டானா: குளிருக்கு மூடும் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் பல மே 15 நண்பகலில்தான் திறக்கும்.

தேசியப் பூங்காக்கள்: எந்தத் தேதியிலும் எடுக்கக் கூடாது. யெல்லோஸ்டோனில் கிடக்கும் கொம்பு அங்கேயே மக்கவேண்டியதுதான்.

கடைசியாக லேசி சட்டம். மாநில விதியை மீறி எடுத்த கொம்பை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்றால் அது மத்தியக் குற்றமாகிறது. சில்லறை அபராதம் என்று நினைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த நிலத்திலேயே மோட்டார் வண்டி பாதையை விட்டு இறங்கியிருந்தால் அது தனி வழக்கு. ஏப்ரல் ஈரமண்ணில் பதியும் டயர் தடம் கோடையில் காய்ந்து, மழைநீர் ஓடும் வாய்க்காலாகி, அப்படியே பல வருஷம் நிற்கும்.

---

கொம்பன்_77

உயிரியல் விளக்கத்தை ஏற்கிறேன். ஏப்ரலில் கைவைக்க வேண்டாம், சரி. ஆனால் மே 1 கூத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

ஒரே தேதி, ஒரே நேரம் என்று வைத்தால் பந்தயம்தான். வயோமிங்கின் ஜாக்சனில் போய்ப் பாருங்கள். தேசிய எல்க் சரணாலயத்தை ஒட்டிய வனத்துறை நிலத்துக்குள் நுழைய வண்டிகள் முன்கூட்டியே வரிசை கட்டும், போலீஸ் முன்னால் போய் வழிநடத்தவேண்டிய அளவுக்குக் கூட்டம். குதிரையில் சிலர், ஓட்டமாகச் சிலர். மாதக்கணக்கில் ஆளே காணாத சரிவில் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானோர். இது மானுக்கு நல்லதா?

தடை காலத்தில் ஒழுங்காக வீட்டில் இருந்தவன் மே 1 அன்று போனால் நல்ல கொம்பெல்லாம் போயிருக்கும். திருட்டுத்தனமாக மார்ச்சிலேயே பொறுக்கிப் புதருக்கடியில் பதுக்கிவைத்தவன், மே 1 காலை நேராகப் போய்ச் சுமந்துகொண்டு வருகிறான். தடை நேர்மையானவனைத்தான் தண்டிக்கிறது.

---

பனிக்காடு

பதுக்கல் நிஜமான பிரச்சினை. அதிகாரிகளுக்கும் தெரியும். ஒரு பதுக்கலைக் கண்டுபிடித்தால் அதைத் தூக்கிவிடமாட்டார்கள். தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டிவிட்டு மே 1 வரை காத்திருப்பார்கள். வந்து எடுக்கிறவன் முகமும் நேரமும் பதிவாகிவிடும். விமானத்திலிருந்து பனியில் பாதச்சுவடு தேடுவதும் நடக்கிறது. வளைந்து வளைந்து போகும் தடம் மேலிருந்து பார்த்தால் யாருக்கும் புரியும். ஆனாலும் ஒரு அதிகாரிக்கு ஆயிரக்கணக்கான சதுர மைல் என்கிற கணக்கில் எல்லாரையும் பிடிக்க முடியாது என்பது உண்மை.

அதனால் தடை வீண் என்று நான் சொல்லமாட்டேன். நூறு பேர் போன இடத்தில் இப்போது பத்துப் பேர் திருட்டுத்தனமாகப் போகிறார்கள் என்றால் மானுக்கு லாபம் தொண்ணூறு. நேர்மையானவனுக்கு அநீதி என்பது வேறு வழக்கு. மந்தைக்காகப் போட்ட விதி இது, கொம்பை நியாயமாகப் பங்கிடப் போட்டதல்ல.

மே 1 நெரிசலைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. நள்ளிரவுத் திறப்பை விடியலுக்குப் பிறகு மாற்றியது முதல் படி. இருட்டில் நெற்றிவிளக்கோடு நூறு பேர் ஏறுவது மானுக்கும் ஆபத்து, மனிதனுக்கும் ஆபத்து. உள்ளூர், வெளியூர் என்று ஒரு வாரம் பிரித்தது இரண்டாவது. அதன் நோக்கத்தில் அரசியல் இருக்கலாம், விளைவு நெரிசல் குறைவதுதான். என் யோசனை, தாழ்நிலத்தை மே 1-இலும் உயரத்தை மே 15-இலும் திறக்கலாம். மான் அந்த வரிசையில்தான் மேலே போகிறது, ஆனால் அதன் பின்னாலேயே ஆளும் போகக் கூடாது அல்லவா.

சரணாலயத்துக்கு உள்ளே யாரும் பொறுக்கக் கூடாது. அங்கே விழுந்ததை சாரணர் சிறுவர்கள் பொறுக்கி மே மாதம் ஜாக்சன் நகரச் சதுக்கத்தில் ஏலம் விடுகிறார்கள், வருமானத்தில் பெரும்பங்கு சரணாலயத்துக்கே திரும்புகிறது. எல்க் கூட்டம் மலையேறிய பிறகு, மேற்பார்வையில், ஒரே தடவையில் முடியும் வேலை. எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது, வேலி போட்ட சரணாலயத்துக்கு ஒத்துவந்தது.

---

மதுரைப்பையன்_பாய்ஸி

ஐடஹோவுக்குப் புதியவன். இரண்டு கேள்வி. பட்டினியில் சாகிறது என்றால் வைக்கோல் போட்டுக் காப்பாற்றலாமே? கொம்பு வேண்டும் என்பவர்கள் தங்கள் தோட்டத்திலேயே தீனி வைத்து மானை வரவழைத்து அங்கே விழுவதை எடுத்துக்கொள்வது தவறா?

நம்ம ஊரில் புள்ளிமான், மிளா கொம்பைக் காட்டிலிருந்து எடுத்தாலே வழக்கு வரும் என்பது தெரியும். அங்கே சட்டம் இதைவிடக் கடுமை போல.

---

சேஜ்புதர்

கடைசியிலிருந்து வருகிறேன் அண்ணே. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உதிர்ந்த கொம்பையும் விடுவதில்லை. ஆனால் அங்கே கவலை கள்ள வேட்டை: கொம்புக்குச் சந்தை இருந்தால் உதிர்ந்தது எது, சுட்டு வெட்டியது எது என்று யார் பார்ப்பது? குளிர்ப் பட்டினி அங்கே கிடையாது. புள்ளிமான் கொம்பு உதிர்ப்பதும் ஒரே பருவத்தில் மொத்தமாக நடப்பதில்லை. இரண்டு சட்டங்களும் வேறு வேறு நோய்க்கான மருந்து.

வைக்கோல்: மியூல் டியருக்குப் போடவே போடாதீர்கள். குச்சி தின்று பழகிய வயிறு திடீரென்று வரும் வைக்கோலைச் செரிக்காது, வயிறு புடைக்கச் செத்துக் கிடக்கும். மக்காச்சோளம் அதைவிட மோசம். மாவுச்சத்து வேகமாகப் புளித்து முதல் இரைப்பையில் அமிலம் ஏறி ஓரிரு நாளில் முடிந்துவிடும். எல்க் புல் தின்னும் மிருகம் என்பதால் ஜாக்சனில் அதற்குக் குதிரைமசால் உருண்டை போட்டுவருகிறார்கள். அதிலும் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கூடுவதால் நோய் பரவும் கவலை இருந்துகொண்டே இருக்கிறது, முக்கியமாக சிடபிள்யூடி என்கிற நாட்பட்ட மெலிவு நோய்.

தோட்டத்தில் தீனி வைப்பது இன்னும் ஒரு படி மேலே போய் "கொம்புப் பொறி" ஆகிவிடுகிறது. தீனித் தொட்டியைச் சுற்றிக் கம்பி வலையையோ ரப்பர் கயிற்றையோ கட்டுவார்கள், மான் தலையை விடும்போது கொம்பு இடித்து விழட்டும் என்று. தளராத கொம்போடு வரும் மான் வலையில் மாட்டிக்கொண்டால் கழுத்தை முறுக்கிக்கொள்ளும், அல்லது வலையையே பிய்த்துக்கொண்டு முகத்தில் சுமந்தபடி பட்டினி கிடக்கும். பருவத்துக்கு முன் பலவந்தமாகப் பிடுங்கினால் மண்டை எலும்பின் துண்டோடு கொம்பு வரும், அந்த ஓட்டை வழியாகச் சீழ் மூளைவரை போகலாம். எனக்கு இந்த இழையில் கோபம் வரும் ஒரே விஷயம் இதுதான்.

எலிகளும் அணில்களும் முள்ளம்பன்றிகளும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொம்பைக் கொறிக்கும், அதனால் எல்லாவற்றையும் பொறுக்கக் கூடாது என்று சிலர் வாதாடுவார்கள். கொறிப்பது உண்மைதான். ஆனால் தடைக்கு அதைக் காரணம் காட்டினால் வாதம் பலவீனமாகும். தொந்தரவு ஒன்றே போதுமான காரணம்.

---

டென்வர்_நடைவாசி

நன்றி. கொம்பு தேடாமல் சும்மா நடக்கப் போகிறவர்கள் என்ன செய்யவேண்டும்?

---

பனிக்காடு

குளிர்கால மேய்ச்சல் மூடல் வரைபடத்தை முதல்நாளே பார்த்துவிடுங்கள். திறந்த பாதையானாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாதையை விட்டு இறங்காதீர்கள், நாயைக் கயிற்றில் பிடியுங்கள். மான் தலை தூக்கி இரு காதையும் உங்கள் பக்கம் திருப்பினாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். படுத்திருந்தது எழுந்தால் நிலைமை இன்னும் மோசம். நின்று படம் எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள். சுற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஏறாதீர்கள். மேலே ஆள் நிற்பதைப் பார்த்தால் மான் ஆழமான பனி இருக்கும் பள்ளத்தில் இறங்கும். சாலையோரம் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் காரை நிறுத்திக் கதவைத் திறக்காமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

தடை காலத்தில் கொம்பு கண்ணில் பட்டால் தொடாமல் விடுங்கள். பத்தடி தள்ளி வைப்பதும் தவறு, பதுக்கல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இடம் தெரியும்படி படம் போட்டால் வார இறுதியில் அந்தச் சரிவுக்கு நாலு பேர் வருவார்கள். யாராவது பொறுக்குவதைக் கண்டால் வாக்குவாதம் வேண்டாம். வண்டி எண், நிறுத்திய இடம், நேரம், எத்தனை பேர், எந்தத் திசை, இவ்வளவையும் குறித்து மாநில வனவிலங்குத் துறையின் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். வண்டி எண் இருந்தால்தான் அதிகாரியால் ஏதாவது செய்ய முடியும்.

---

மதுரைப்பையன்_பாய்ஸி

மண்டை ஓட்டோடு சேர்ந்த கொம்பு கிடந்தால்? குளிரில் செத்த மானுடையது. மே மாதம் அதை எடுக்கலாமா?

---

சட்டக்குறிப்பு

அதை உதிர்கொம்பு விதியில் சேர்க்காதீர்கள். மண்டை ஓட்டோடு இருந்தால் அந்த மான் இயற்கையாகச் செத்ததா, கள்ளத்தனமாகச் சுடப்பட்டதா என்ற கேள்வி முதலில் வரும். சில மாநிலங்களில் அதிகாரி பார்த்து முத்திரை கொடுக்கவேண்டும், சில இடங்களில் எடுக்கவே கூடாது. கைவைக்காமல் இடத்தைக் குறித்துப் படம் எடுத்து மாவட்ட வனவிலங்கு அதிகாரியை அழைத்துக் கேளுங்கள். பிக்ஹார்ன் செம்மறியின் தலை கிடந்தால் இன்னும் கவனம் வேண்டும், அது கொம்பு உதிர்க்கும் இனமே அல்ல. பல மாநிலங்களில் பதிவு செய்யாமல் வைத்திருக்கக் கூடாது.

மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால் சிடபிள்யூடி விதியையும் பாருங்கள். மூளைத் திசு ஒட்டியிருக்கும் மண்டையைப் பல மாநிலங்கள் உள்ளே விடுவதில்லை. முழுக்கச் சுத்தம் செய்து காய்ந்த மண்டைத் தகடு என்றால் பெரும்பாலும் விடுவார்கள்.

---

கொம்பன்_77

சேஜ்புதர், கடைசியாக ஒன்று. நீட்டிப்பு அதிகாரம் துறையிடம் இருக்கலாம் என்கிறீர்கள். சரி, அறிவிப்பை ஏப்ரல் 28 அன்று போட்டால் விடுமுறை எடுத்து, அறை பதிவு செய்து, வண்டியோடு கிளம்பிவிட்டவன் என்ன செய்வான்?

---

சேஜ்புதர்

பிப்ரவரி கடைசிக்குள் சொல்லிவிடவேண்டும். அதற்குத் தேவையான தகவல் அப்போதே கையில் இருக்கும். டிசம்பரில் குட்டிகளைப் பிடித்து எடை போடுகிறார்கள், எந்த உடம்போடு குளிருக்குள் நுழைந்தன என்று தெரிந்துவிடும். பனி ஆழமும் அதன் மேலோடு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும் அளந்த கணக்கு. பட்டை போட்ட குட்டிகள் எத்தனை செத்தன என்பது அன்றன்றே வந்துவிடும். இந்த மூன்றும் மோசமாக இருந்தால் ஏப்ரல் வந்துதான் தெரியும் என்று காத்திருக்கத் தேவையில்லை. யூட்டா 2023-இல் பிப்ரவரி முதல் வாரத்திலேயே அறிவித்தது. அறை பதிவு செய்தவர்களுக்கும் அப்போது ரத்து செய்ய நேரம் இருந்தது.